படத்தில் இருப்பது எந்த ஈ? ஒட்டுண்ணி ஈக்களோடு நம் அனுபவங்கள்

மழை விட்டிருந்த ஒரு காலை. இலையில் மேய்ந்துகொண்டிருந்த பச்சைப் புழு ஒன்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. வீட்டு ஈயைவிடக் கொஞ்சம் பெரிது, சாம்பல் நிறம், வயிறு முழுக்க முள் முள்ளாகத் தடித்த மயிர். புழு எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தப் பக்கமே முகத்தைத் திருப்பியது. புழு நின்றால் அதுவும் நின்றது. இரண்டு நிமிடம் இப்படியே போனது. அப்புறம் கண் இமைக்கும் நேரம்தான். வயிற்றின் நுனியைத் தன் கால்களுக்கு நடுவே முன்னால் நீட்டி, புழுவின் தலைக்குச் சற்றுப் பின்னால் ஒரு தொடு தொட்டுவிட்டுப் பறந்துவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தொட்ட இடத்தில் வெள்ளையாக, நீள்வட்டமாக ஒரு முட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

ஈக்களைப் பல வருடம் ஆராய்ந்த பெரியவர் ஒருவரிடம் படங்களைக் காட்டி, "இது எந்த இனம் ஐயா?" என்று கேட்டேன். அவர் என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். பக்கவாட்டில் எடுத்த படம் இருக்கிறதா? சிறகு நரம்பு தெரிகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? அந்தப் புழு என்ன புழு? என்னிடம் மொத்தம் 14 படங்கள் இருந்தன. எல்லாமே மேலிருந்து எடுத்தவை. புழுவின் பெயரும் எனக்குத் தெரியாது. "டாக்கினிட் குடும்பம். அதற்கு மேல் இந்தப் படங்களை வைத்துச் சொன்னால் அது ஊகம்தான் தம்பி" என்றார்.

அந்தப் பதில் அப்போது ஏமாற்றமாக இருந்தது. இப்போது, ஒரு படத்துக்கு அதைவிட நேர்மையான பதில் இல்லை என்று நினைக்கிறேன். டாக்கினிட் குடும்பத்தில் மட்டும் பெயர் வைக்கப்பட்ட இனங்கள் 8,000க்கும் மேல். எல்லாமே வேறு பூச்சிகளின் உடம்புக்குள், சில வேறு கணுக்காலிகளின் உடம்புக்குள், வளர்ந்து கடைசியில் அவற்றைக் கொல்பவை. சதை ஈ, நீல ஈ, டாக்கினிட் மூன்றையும் மேலிருந்து பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். பக்கவாட்டில் பார்த்தால் ஒரு அடையாளம் கிடைக்கும். ஈயின் முதுகு முடியும் இடத்தில் கேடயம் போல ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். டாக்கினிட்டில் அந்தத் தகட்டுக்கு அடியில் இன்னொரு புடைப்பு, குட்டித் தலையணை செருகினாற்போல் உருண்டு தெரியும். எனக்குத் தெரிந்த வரை, படத்தில் குடும்பத்தைப் பிடிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. அந்தப் படம்தான் என்னிடம் இல்லை.

நீங்கள் சந்தித்த ஒட்டுண்ணி ஈக்களைப் பற்றி எழுதுங்கள். படம் எதுவரை கொண்டுபோனது, எந்த இடத்தில் கைவிட்டது, எது காட்டிக்கொடுத்தது என்பதையும் சேர்த்து எழுதினால் எல்லோருக்கும் உதவும்.

*

நான் வண்ணத்துப்பூச்சி வளர்ப்பவள். என் கதை கொஞ்சம் மர்மமானது. வெந்தய வரியன் முட்டைகளை எடுத்து வந்து, வீட்டுக்குள் வலைப்பெட்டியில் வைத்து, பொரித்த நாளிலிருந்து வளர்த்தேன். பெட்டிக்குள் ஒரு கொசுகூடப் போனதில்லை. ஏழு புழுக்களும் நன்றாகத் தின்று கூட்டுப்புழுவாகித் தொங்கின. இரண்டு மட்டும் நாளாக ஆக நிறம் மங்கி, பழுப்புத் திட்டு விழுந்தன. ஒருநாள் காலையில் பார்த்தால் அவற்றிலிருந்து வெள்ளையாகப் பிசின் இழை போல இரண்டு மூன்று நூல்கள் தொங்குகின்றன. ஒரு நூலின் முனையில் கால் இல்லாத கொழுத்த புழு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. மாலைக்குள் பெட்டியின் அடியில் செம்பழுப்பாகப் பீப்பாய் வடிவில் ஐந்து சின்னக் கூடுகள்.

பூட்டிய பெட்டிக்குள் ஈ எப்படி வந்தது என்று இரண்டு வாரம் மண்டையைக் குடைந்தது. பெட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடினேன். பதில் இலையில் இருந்தது. டாக்கினிட் ஈக்களில் ஒரு பகுதி புழுவைத் தேடிப் போவதே இல்லையாம். புழு தின்கிற செடியின் இலையில் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன முட்டைகளை வைத்துவிட்டுப் போய்விடும். புழு இலையோடு சேர்த்து முட்டையையும் விழுங்க, அது குடலுக்குள் பொரிக்கும். அதாவது நான்தான் தினமும் என் கையாலேயே அந்த முட்டைகளை ஊட்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் இலையைக் கழுவித் துடைத்துத்தான் போடுகிறேன்.

கூடுகளைத் தனியாகக் குப்பியில் வைத்தேன். ஈ வெளியே வந்த காட்சியை மறக்க முடியவில்லை. நெற்றியிலிருந்து ஒரு வெண்ணிறப் பை ஊதிப் பெருத்து, கூட்டின் மூடியை உள்ளிருந்து தள்ளித் திறக்கிறது. வெளியே வந்த ஈ சிறகு சுருங்கி வெளிறிப்போய் இருந்தது. அந்தக் கோலத்தில் படம் எடுத்தால் எதற்கும் உதவாது. நிறமும் மயிரும் கெட்டிப்பட்டு உண்மையான உருவம் வர ஒரு நாளாவது விட வேண்டும். மறுநாள் எடுத்த பக்கவாட்டுப் படத்தோடு, வெந்தய வரியனின் கூட்டுப்புழுவிலிருந்து வந்தது, நூலில் தொங்கி இறங்கியது என்ற இரண்டு குறிப்பையும் சேர்த்து அனுப்பினேன். ஸ்டர்மியா பேரினம் என்று பதில் வந்தது. இனத்தைச் சொல்லவில்லை. அந்தப் பேரினத்தில் ஒன்றையொன்று ஒத்த இனங்கள் உண்டு, உடலை வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

*

அக்கா சொன்னதைப் படித்ததும் எங்கள் தொழில் ஞாபகம் வந்தது. பட்டுப்புழு வளர்க்கிற எங்களுக்கு ஒட்டுண்ணி ஈ என்றால் ஊசி ஈதான். அதன் பெயரைக் கண்டுபிடிக்க நாங்கள் ஈயைப் பார்ப்பதே இல்லை. புழுவின் தோலில் கறுப்புத் தழும்பு இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். முட்டை வெள்ளையாகத் தோலில் ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று நாளில் பொரித்து உள்ளே துளைத்துப் போகும்போது அந்த இடம் கறுத்துவிடும். சின்னப் பருவத்தில் தாக்கினால் புழு கூடு கட்டும் முன்பே சாகும். கடைசிப் பருவத்தில் தாக்கினால் கூடு கட்டிவிடும். அப்புறம் ஈயின் புழு கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். துளை விழுந்த கூட்டில் இழை அறுந்து அறுந்து வரும், நூற்க உதவாது.

எனக்குப் படம் அனுப்பி "அண்ணே, இது ஊசி ஈயா?" என்று கேட்பவர்கள் ஈயின் படத்தை மட்டும் அனுப்புகிறார்கள். சாம்பல் நிற ஈ எத்தனையோ இருக்கிறது. தழும்பு விழுந்த புழுவையும் எடுத்து அனுப்புங்கள் என்பேன். வளர்ப்பு மனையில், பட்டுப்புழுவின் மேல், அந்தத் தழும்பும் இருந்தால் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே ஈ வேலியோரச் செடியில் தனியாக உட்கார்ந்திருந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

*

என்னுடையது சின்னக் கதை. எங்கள் நாயின் காது மடலுக்குப் பின்னால் ஒரு தட்டையான பூச்சி நண்டு போலப் பக்கவாட்டில் ஓடியது. உண்ணி என்று நினைத்துப் பிடித்து நசுக்கினேன். நசுங்கவில்லை. தோல்போல் விறைப்பாக இருந்தது, விரலைத் திறந்ததும் பறந்துவிட்டது. உண்ணிக்குச் சிறகு ஏது? மறுபடி வந்து உட்கார்ந்தபோது போனில் எடுத்தேன். ஆறு கால், கொக்கி போல நகம், மடக்கிய ஒரு ஜோடிச் சிறகு, மார்பில் வெளிறிய மஞ்சள் பொட்டுகள்.

நாய் ஈ, ஹிப்போபோஸ்கா பேரினம் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். இந்தக் கூட்டத்தை மேலிருந்து எடுத்த படத்திலேயே பிடித்துவிடலாம் என்றும், முதுகுப் பொட்டுகள் தெளிவாக விழுந்தால் இனம் வரைக்கும் போகலாம் என்றும் தெரிந்தது. நாயிடம் இருந்தது என்ற தகவலும் சேர்ந்ததால் லாஞ்சிபென்னிஸ் என்றே சொன்னார்கள். அதன் பிறகு படித்த ஒன்றுதான் என்னை அசரவைத்தது. இந்த ஈ முட்டை போடுவதில்லை. ஒரே ஒரு புழுவைத் தன் வயிற்றிலேயே வைத்து, உள்ளேயே பாலூட்டி, முழுதாக வளர்ந்த பிறகு சுவர் இடுக்கில் கொண்டுபோய் ஈன்றுவிட்டு வரும். அது கொஞ்ச நேரத்திலேயே கூட்டுப்புழுவாகிவிடும். ஆகவே நாயை மட்டும் சுத்தம் செய்தால் போதாது, அது படுக்கும் மூலையையும் பார்க்க வேண்டும். சரியான பெயர் கிடைத்ததால்தான் இது தெரிந்தது. உண்ணி என்றே நினைத்திருந்தால் வேறு எங்கெங்கோ தேடியிருப்பேன்.

*

இதே உறவில் இன்னொன்று. வௌவால்களைக் கணக்கெடுக்கும் வேலையில் ஒரு பருவம் உதவிக்குப் போயிருந்தேன். கையில் பிடித்திருந்த வௌவாலின் கழுத்து மயிருக்குள் ஒரு சிலந்தி புகுந்து ஓடியது. படமும் எடுத்துச் "சிலந்தி" என்று பெயரும் எழுதி வைத்துவிட்டேன். இரவு கூடாரத்தில் படத்தைப் பார்த்த அக்கா ஒருவர், "காலை எண்ணு" என்றார். எண்ணினேன். ஆறு. சிறகே இல்லாத ஈ அது! வௌவால் ஈ. தலை மிகச் சிறியது, முதுகின் பள்ளத்தில் பின்னோக்கி மடித்து வைத்திருக்கும். அதனால் முதல் பார்வைக்குத் தலையே இல்லாத மாதிரி தெரியும். நிக்டெரிபிடே கூட்டம் என்று அதற்குப் பெயர். இப்போது எந்தப் படம் வந்தாலும் நான் முதலில் காலைத்தான் எண்ணுகிறேன், அடுத்ததாகச் சிறகை. சிறகுள்ள ஈ என்றால் ஒரு ஜோடிதான். இரண்டாவது ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் குமிழ் வைத்த சின்னக் குச்சி இருக்கும். நான்கு சிறகு தெரிந்தால் அது குளவியோ தேனீயோ.

*

குளவி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. கம்பளிப்பூச்சியின் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கூட்டம் கூட்டமாக எழுந்து நிற்கும் மணிகளைப் படம் எடுத்து "ஈ முட்டை" என்று பெயர் போடுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நானும் முதலில் அப்படித்தான் போட்டேன். அவை முட்டைகள் இல்லை, குட்டிக் குளவிகளின் பட்டுக்கூடுகள். உள்ளே வளர்ந்து முடித்து வெளியே வந்து கூடு கட்டியிருக்கின்றன. பஞ்சு போல நூல் தெரிந்தால் குளவி. ஈயின் கூட்டில் நூலே இருக்காது. புழுவின் கடைசித் தோலே கெட்டியாகி ஓடாக மாறியிருக்கும்.

*

நான் கால்நடை மருத்துவம் பார்ப்பவன். இங்கே எழுதியவர்களுக்கு அடையாளம் தப்பினால் வருத்தம் மட்டும்தான். எங்களுக்கு அப்படி இல்லை.

ஆட்டுக்குப் புண்ணில் புழு வைத்துவிட்டது என்று படம் வரும். பெரும்பாலும் கலங்கலாக, நெளிகிற வெள்ளைக் கூட்டம். அந்தப் படத்தை வைத்து என்ன ஈ என்று சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியாது. செத்த சதையை மட்டும் தின்கிற புழுவும் இருக்கிறது, உயிருள்ள சதையைத் துளைத்துத் தின்கிற திருகுப்புழுவும் இருக்கிறது. திருகுப்புழுவின் தாய் ஈ, உடம்பு பச்சை நீலமாக மினுங்கும் அழகான ஈ, அதன் நெருங்கிய உறவுகளான பிண ஈக்களைப் போலவே இருக்கும். புண்ணின் ஓரத்தில் நூறு இருநூறு முட்டைகளை ஒட்டிவிட்டுப் போகும். ஒரு நாளுக்குள் பொரித்து, தலையைச் சதைக்குள் புதைத்து, மூச்சு விடும் வாலை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு நெருக்கமாக நிற்கும். இப்படித் தலைகீழாகப் புதைந்து நிற்பது படத்தில் தெரிந்தால் எனக்கு உடனே கவலை வந்துவிடும்.

உறுதி செய்யப் புழுவே வேண்டும். புண்ணின் ஆழத்திலிருந்து எடுக்க வேண்டும், ஓரத்தில் இருப்பவை வேறு இனமாக இருக்கலாம். சுடுநீரில் போட்டு உடனே கொன்று பிறகு ஆல்கஹாலில் வைக்க வேண்டும். உயிரோடு ஆல்கஹாலில் போட்டால் சுருங்கிக் கறுத்துவிடும். பின்புறத்தில் இருக்கும் இரண்டு மூச்சுத் தகடுகளையும் அவற்றின் கீறல்களையும் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அமெரிக்கக் கண்டத்துத் திருகுப்புழு என்றால் அந்தத் தகடுகளிலிருந்து உள்ளே போகும் மூச்சுக்குழாய்கள் கொஞ்ச தூரத்துக்குக் கறுப்பாகத் தெரியும்.

இவ்வளவு சிரத்தை எதற்கு என்று கேட்பவர்களுக்கு லிபியாவைத்தான் சொல்வேன். 1988ல் அங்கே கால்நடைகளில் கண்டது அமெரிக்கக் கண்டத்துத் திருகுப்புழு. அதுவரை அந்தப் பக்கம் குடியேறாத இனம். அதை ஒழித்த வழி, கதிர்வீச்சில் மலடாக்கிய ஈக்களை மெக்சிகோவிலிருந்து விமானத்தில் கொண்டுபோய்க் கோடிக்கணக்கில் தூவியது. மலட்டு ஆணோடு சேர்ந்த பெண்ணின் முட்டை பொரிக்காது. 1954ல் குராசோ தீவில் முதலில் வென்ற முறை அது. லிபியாவில் 1992ல் ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். யோசித்துப் பாருங்கள், இனத்தைத் தப்பாகச் சொல்லியிருந்தால் தூவிய ஈ ஒன்றுகூட உள்ளூர் ஈயோடு சேர்ந்திருக்காது.

படம் எடுப்பதை வேண்டாம் என்று சொல்லவில்லை. படம் வந்ததால்தான் பல வீடுகளுக்கு அன்றைக்கே கிளம்பிப் போனேன். ஆனால் படம் அனுப்பிவிட்டுப் புழுவைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள், நாலு புழுவையாவது எடுத்து வையுங்கள்.

*

டாக்டர் எழுதியதற்குப் பிறகு என்னுடையது இலகுவாகத் தோன்றலாம், ஆனாலும் எழுதுகிறேன். வெயில் ஏறிய நேரம், புல் இல்லாத வெறும் மண். தேனீ போல மயிர் அடர்ந்த ஒரு ஈ தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மிதந்துகொண்டிருந்தது. முகத்தின் முன்னால் நீட்டிய ஊசி போன்ற உறிஞ்சி. முதலில் மண்ணில் இறங்கி வயிற்று நுனியை அழுத்திக் குலுக்கியது. பிறகு எழுந்து, மண்ணில் வளை தோண்டி வாழும் தேனீ ஒன்றின் வாசலுக்கு நேரே மிதந்தபடி வயிற்றைச் சுண்டிச் சுண்டி விட்டது. ஒவ்வொரு சுண்டலுக்கும் ஒரு முட்டை! முதலில் மண்ணில் உட்கார்ந்தது வயிற்றிலுள்ள பையில் புழுதி நிரப்பத்தான். முட்டைகளுக்கு அந்தப் புழுதியைப் பூசித்தான் எறிகிறது. பொரித்து வரும் புழு தானே ஊர்ந்து வளைக்குள் போய், தேனீயின் குஞ்சு வளரும் வரை காத்திருந்து அதைத் தின்னும்.

பாம்பிலிட் குடும்பம் என்று உடனே சொன்னார்கள். இந்தக் குடும்பத்தில் பல ஈக்களுக்குச் சிறகில் கரும்பழுப்புத் திட்டுகள் இருக்கும், திட்டின் ஓரம் எப்படி வளைகிறது என்பதே பெயர் சொல்ல உதவும். என் படங்களில் சிறகு அசைந்து வெறும் பனி போலத்தான் விழுந்திருந்தது. மிதக்கும் அழகில் மயங்கி 60 படம் எடுத்த நான், அது உட்கார்ந்த அந்த நாலைந்து நொடியில் ஒன்றுகூட எடுக்கவில்லை. இன்றுவரை அதற்குக் குடும்பப் பெயர் மட்டும்தான்.

*

முதலில் எழுதியவன் மறுபடி வருகிறேன். இவ்வளவு அனுபவங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி.

பாம்பிலிட் பற்றி எழுதியவருக்கு ஒரு செய்தி. அந்தக் குடும்பத்தில்தான் படத்தை மட்டும் வைத்து ஒரு புது இனத்துக்கே பெயர் வைத்தார்கள். 2015ல், தென்னாப்பிரிக்காவில் எடுத்த படங்களை வைத்து மார்ஷல், ஈவன்ஹியூஸ் என்ற இரண்டு ஈ ஆய்வாளர்கள் மார்லெயிமியா சைலோகோப்பே என்ற இனத்தை விவரித்தார்கள். தச்சுத் தேனீயைப் போலவே வேடம் போட்ட ஈ. அருங்காட்சியகத்தில் வைக்க ஒரு உடல்கூடக் கையில் இல்லை. அடுத்த ஆண்டே 400க்கும் மேற்பட்ட வகைப்பாட்டியல் அறிஞர்கள் சேர்ந்து, படத்தை மட்டும் வைத்துப் பெயர் சூட்டுவது போதாது, ஆபத்தானதும்கூட என்று எழுதினார்கள். இரண்டு பக்கத்தையும் படித்தேன். அந்த ஈ யாரோடும் குழம்ப முடியாத தோற்றம் கொண்டது, அதனால் முதல் இருவரின் துணிச்சலும் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் பார்த்த சாம்பல் நிற டாக்கினிட்டுக்கு அந்த வழி சரிப்படாது. மறுத்தவர்களின் பக்கம்தான் நான் நிற்பேன். நாளைக்கு அதே மாதிரி இன்னொரு ஈ வந்தால், படத்தில் விழாத உறுப்பை எங்கே போய்ப் பார்ப்பது?

போன மாதம் அதே செடியில் அதே பச்சைப் புழுவைப் பார்த்தேன். தலைக்குப் பின்னால் இரண்டு வெள்ளை முட்டைகள் ஒட்டியிருந்தன. இந்த முறை புழுவை இலையோடு எடுத்துவந்து, அடியில் ஈர மண் போட்ட பெட்டியில் வைத்தேன். முட்டை கண்ட நாள், செடியின் பெயர், புழுவின் பெயர் எல்லாம் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டினேன். ஒன்பதாம் நாள் புழு அசையவில்லை. மண்ணைக் கிளறியபோது இரண்டு பீப்பாய்க் கூடுகள் கிடைத்தன.

முதல் ஈ வந்து ஒரு நாள் கழித்துப் படம் எடுத்தேன். முகத்துக்கு நேராக ஒன்று, சிறகு விரிந்து ஒன்று, அளவு தெரிய ஸ்கேல் வைத்து ஒன்று, பக்கவாட்டில் நாலு. தகட்டுக்கு அடியில் அந்தக் குட்டித் தலையணை துல்லியமாக விழுந்திருந்தது. எல்லாவற்றையும் பெரியவருக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: "எக்சோரிஸ்டா பேரினம் போலத் தெரிகிறது. இது பெண். இனம் சொல்ல ஆணின் பின்னுறுப்பைப் பார்க்க வேண்டும் தம்பி."

பெட்டியில் இன்னும் ஒரு கூடு மீதி இருக்கிறது. காலையில் பார்த்தபோது நுனி கொஞ்சம் கறுத்திருந்தது.